சத்தம் பின்னால் வரும்

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. அஞ்சாவது வரைக்கும்தான் படிப்பு. அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போடத்தான். வரி கோணலாகப் போகும். சொன்னதையே திரும்பச் சொல்லியிருப்பேன். மறதி வேறு இப்போது அதிகமாகிவிட்டது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூட வேனில் ஏறப்போகிற புது ஆயாக்களுக்கு நாலு வார்த்தை பேச வேண்டும் என்று ஆபீஸ் மேடம் கூப்பிட்டு அனுப்பினார்கள். நாலு பேர் முன்னால் நின்று பேச என்னால் ஆகாது. உள்ளங்கை வேர்த்துவிடும். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்த நாளிலிருந்து ஒரு வேலை ஓடவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறேன். பால் இரண்டு முறை பொங்கிவிட்டது. இதை எழுதி முடித்தால்தான் ஓரிடத்தில் உட்காருவேன் போல.

பிள்ளைகளை ஏற்றுவது, இறக்குவது, மூக்கு துடைப்பது, ஒருத்தர் டிபன் பாக்ஸ் இன்னொருத்தரோடு போகாமல் பார்ப்பது எல்லாம் ஒரு வாரத்தில் உங்கள் கைக்கு வந்துவிடும். அதைச் சொல்ல நான் வேண்டியதில்லை. நான் சொல்ல நினைப்பது ஒரு காலையைப் பற்றி. ஆனால் அதற்கு முன்னால் நான் பள்ளிக்கூடம் போன காலத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வானத்துக்கு மனுஷர்கள் முதன்முதலாக ஒவ்வொன்றாக ஏற்றிவிட ஆரம்பித்த காலம் அது.

எங்கள் ஊர் ஆரம்பாக்கத்துக்கு மேற்கே. எல்லார் வீட்டிலும் நெல்தான். பள்ளிக்கூடம் ஒரே அறை. ஒரே வாத்தியார். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை என்பதால் பெயர் நினைவில் தங்கவில்லை. தினமும் ஸ்டேஷனுக்கு நடந்து போய், ரயிலில் யாராவது படித்துவிட்டுப் போட்ட பேப்பரை எடுத்து வருவார். காலையில் பாடத்துக்கு முன்னால் அதிலிருந்து ஒரு சேதி வாசிப்பார்.

நான் இரண்டாவது படிக்கும்போது என்று நினைக்கிறேன், ரஷ்யாக்காரர்கள் ஒரு நாயை வானத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று வாசித்தார். நாங்கள் சிரித்தோம். நாய்க்குக் கூடவா டிக்கெட் என்றான் ஒருவன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்தான் எழுந்து கேட்டாள்.

"அதுக்கு யாரு சார் சோறு வெப்பாங்க?"

"உள்ளயே வெச்சு அனுப்பியிருக்காங்கம்மா."

அது எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. சில நாள் கழித்து அவளே மறுபடியும் கேட்டாள். "நாய் எப்ப சார் எறங்கும்?"

வாத்தியார் ஒன்றும் எழுதாத பலகையைத் துணியால் துடைத்தார். பிறகு திரும்பினார். "எறங்காதும்மா. திரும்பி வர்றதுக்கு அதுல வழி வெக்கல."

வீட்டில் நாய் வளர்த்த பையன் ஒருவன் அழுதான். எங்கள் அப்பாவிடம் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "சின்னப் பசங்ககிட்ட சொல்ற பேச்சா இது? வந்துடும்னு ஒரு வார்த்த சொன்னா இன்னா கொறஞ்சா பூடும்?" என்றார். எனக்கு அன்றைக்குத் தூக்கம் இல்லை. அதற்கப்புறம் பல நாள் மாட்டுக்குப் புல் அறுக்கப் போனால் குனிந்து அறுக்க மாட்டேன், மேலே பார்த்தபடியே நிற்பேன்.

ஆனால் ஒன்று. சில வருஷம் கழித்து, ஒரு மனுஷனே மேலே போய் உலகத்தைச் சுற்றிவிட்டுப் பத்திரமாக இறங்கிவிட்டான் என்று அதே வாத்தியார் வாசித்தார். எங்களில் ஒருவரும் நிஜமா சார் என்று கேட்கவில்லை. அவர் சொன்னால் நிஜம். நாய் வராது என்று சொன்னவர் ஆயிற்றே.

உங்களுக்கு இது தினமும் வரும். கேட்டில் ஒரு பிள்ளை அழும். அம்மா எப்போ வருவாங்க என்று கேட்கும். இதோ வந்துடுவாங்க என்று சொல்லத்தான் வாய் வரும். தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியலடா, நான் கூட இருக்கேன் என்று சொல்லுங்கள். அழுகை கொஞ்சம் நீளும். அடுத்த நாள் நீங்கள் சொல்வதை அந்தப் பிள்ளை கேட்கும்.

இன்னொன்று. நாலாவதா அஞ்சாவதா என்று சரியாகத் தெரியவில்லை. அமெரிக்காக்காரர்கள் பெரிய பலூன் மாதிரி ஒன்றைப் பளபளவென்று செய்து வானத்தில் விட்டிருக்கிறார்கள், அது வெயில் பட்டு நட்சத்திரம் போல மின்னிக்கொண்டு நகரும், கண்ணாலேயே பார்க்கலாம் என்று வாத்தியார் சொன்னார். அதைப் பார்க்க அவருக்கு எவ்வளவு ஆசை என்பது எங்களுக்குத் தெரியும். ஒரு வாரமாக வேறு பேச்சே இல்லை. பொழுது சாய்ந்ததும் எல்லாரும் ஏரிக்கரைக்கு வாருங்கள் என்றார்.

ஏரியில் தண்ணீர் நிறைய இருந்தது. நாங்கள் கரையில் வரிசையாக நின்றோம். வாத்தியார் எங்களுக்கு முன்னால், தண்ணீர்ப் பக்கம், மதகின் மேல் நின்றார். வாத்து மடக்குகிற ஆள் மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எங்களைப் பார்த்து நின்றார். வானம் அவருக்கு முதுகுப் பக்கம்.

அது வந்தது. சுவரில் எறும்பு போகிற மாதிரி, அவசரமும் இல்லாமல் நிற்கவும் செய்யாமல் வந்தது. சத்தமே இல்லை. நாங்கள்தான் கத்தினோம். "அதோ! அதோ போவுது!" அவனவன் முன்னால் தள்ளினான். வாத்தியார் கை இரண்டும் விரிந்தபடியே இருந்தன.

"சார், திரும்புங்க சார், பூடப் போவுது!"

"நீங்க பாருங்க. அது நாளைக்கும் வரும். நீங்க நாளைக்கு வரணுமில்ல?"

அவர் திரும்பவே இல்லை. எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஊரைக் கூட்டி வந்துவிட்டு இவர் பார்க்கவில்லை பாரேன் என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டு போனோம்.

வேன் வேலைக்கு வந்தபோது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இரண்டாயிரத்துக்குப் பிறகுதான் எங்கள் பக்கம் வேன் வைத்த பள்ளிக்கூடங்கள் வந்தன. கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு எங்கிருந்தெல்லாமோ குடும்பங்கள் வந்து குடியேறின. புதுவாயல் வரைக்கும் வாடகை வீடு கிடைக்காத நேரம். என் குரல் சின்னக் குரல். ஏறுங்க என்று நான் சொன்னால் முன் சீட்டுப் பிள்ளைக்கே கேட்காது. அதனால் டிரைவருக்கும் எனக்கும் ஒரு வழக்கம். எல்லாரும் ஏறி, கதவைச் சாத்தி, வேனின் பக்கத் தகரத்தில் இரண்டு தட்டு தட்டுவேன். தட்டினால்தான் வண்டி எடுக்க வேண்டும். நீங்களும் அப்படித்தான் செய்வீர்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ராக்கெட் விடுகிற நாள் எப்படி இருக்கும் என்று இங்கேயே பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பழவேற்காட்டு ஏரிக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில் இருக்கிற தீவிலிருந்து அது கிளம்பும். டீக்கடைக்காரர் பாய்லரை விட்டுவிட்டு வெளியே வந்து நிற்பார். லாரிக்காரர்கள் ஓரம் கட்டுவார்கள். கண்ணை விட்டு அது மறைந்த பிறகும் எங்கள் ஆள்கள் கலைய மாட்டார்கள். சத்தம் இனிமேல்தான் வரும். ஒரு வெற்றிலை மடித்துப் போடுகிற நேரம் கழித்துத்தான் அது வந்து சேரும். சத்தம் வந்து, கண்ணாடியெல்லாம் கடகடவென்று ஆடி, அடங்கின பிறகுதான் எங்களுக்கு ராக்கெட் போனதாகக் கணக்கு.

அப்போது எங்கள் வேனுக்குப் புது டிரைவர். திருவள்ளூர் மணவாள நகர்க்காரர். அங்கே ஆட்டோ ஓட்டியவர். தங்கமான தம்பி. பிள்ளைகளை ஒரு நாள் அதட்டியதில்லை. பிரேக் போட்டால் தூங்குகிற பிள்ளைகூட விழிக்காது. ராக்கெட்டை அவர் டிவியில்தான் பார்த்திருந்தார்.

அன்றைக்கு ஆரம்பாக்கம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருகிறோம். கத்தல் தாங்கவில்லை.

"அண்ணா, வயக்காட்டாண்ட நிறுத்துங்கண்ணா! ராக்கெட்டு!"

"லேட்டாயிடும்பா. ஹெச்செம் என்னத்தான் கேப்பாங்க."

"அவங்க இன்னாத்த கேக்கறது? அவங்களே மொட்ட மாடில நின்னு பாத்துகினு இருப்பாங்க," என்றாள் ஷபானா. அவள் ஏழாவது படித்தாள். பழவேற்காட்டுக்காரர்கள், அப்பா ஆரம்பாக்கத்தில் துணிக்கடை வைத்திருந்தார்.

டிரைவர் சிரித்துவிட்டார். ரோட்டை விட்டு நன்றாக உள்ளே, வயல் ஓரம் மண் திட்டில் நிறுத்தினார். வேன் ரோட்டுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் சுவர் மாதிரி நின்றது. பிள்ளைகள் இறங்கி வயலைப் பார்த்து நின்றார்கள். நான் வயலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்து நின்றேன். எத்தனையோ ராக்கெட் அந்தப் பக்கம் போயிருக்கிறது. வேலையில் இருந்த காலத்தில் ஒன்றைக்கூட நான் முழுசாகப் பார்த்ததில்லை.

ஹரிணி என்று ஒரு எல்.கே.ஜி. பிள்ளை. இரும்பு கம்பெனி வேலைக்குச் சேலம் பக்கத்திலிருந்து புதிதாக வந்த குடும்பம். அவள் முகத்தில்தான் ராக்கெட் கிளம்பியது எனக்குத் தெரிந்தது. வாய் திறந்தது, பிறகு இரண்டு கையும் தட்டின. எல்லாரும் கத்தினார்கள். தலைகள் மேலே மேலே போயின. மேகத்துக்குள் அது போனதும் "ஹோ" என்றார்கள்.

டிரைவர் கை தட்டினார். "பாத்தாச்சில்ல? ஏறு ஏறு ஏறு!"

"கொஞ்சம் நில்லு நைனா," என்றேன். "சத்தம் வரட்டும்."

"சத்தத்துக்குத் தனி டிக்கெட்டா ஆயாம்மா? பெல் அடிச்சிடுவாங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்துவிட்டார். நான் ஏற்ற ஆரம்பித்தேன். ஹரிணியை முதலில் ஏற்றினேன். அவள் கூடையைச் சீட்டில் வைத்துவிட்டு, புகை இன்னும் இருக்கிறதா என்று பார்க்க மறுபடியும் இறங்கினாள். அதையும் பார்த்தேன். பின்னால் வருகிற பிள்ளைகளை ஏற்றிவிட்டு அவளை எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

அப்போது சத்தம் வந்தது.

முதலில் தூரத்தில் லாரி போகிற மாதிரி. பிறகு தரைக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி. வேன் தகரம், ஜன்னல், கதவுக் கொண்டி எல்லாம் நடுங்கின. ஊர்ப் பிள்ளைகளுக்கு அதுதான் கொண்டாட்டம். "ராக்கெட்டு ஆந்திராவோடது, சத்தம் நம்ளோடது!" என்று ஷபானா உள்ளேயிருந்து கத்தினாள். யு.கே.ஜி. பிள்ளைகள் இரண்டு பேர் என் கைக்கு ஒருவராகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தூக்கி உள்ளே விட்டேன். விடும்போது சீட்டைப் பார்த்தேன். கூடை இருந்தது. ஹரிணி இல்லை.

அதே நேரம் என்ஜின் உறுமியது.

கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. வயலுக்குள் ஓடினாளா, ரோட்டுக்கு ஓடினாளா? ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. எங்கே தேடுவது என்று யோசித்தால் அதற்குள் வண்டி நகர்ந்துவிடும். பிள்ளை எங்கே இருந்தாலும் சரி, வண்டி நகரக் கூடாது. அது ஒன்றுதான் எனக்கு எட்டியது. ஓடினேன். கையை ஆட்டி நின்றால், ஆயாம்மா ஏதோ விளையாடுகிறது என்று ஹாரன் அடிப்பார். அதனால் வேனுக்கு முன்னால் போய் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

பம்பர் என் தோளைத் தொட்டு நின்றது. அவர் குதித்து இறங்கி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"இன்னா ஆயாம்மா, சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?"

கையைக் காட்டினேன். உட்கார்ந்த இடத்திலிருந்து வேனுக்கு அடியில் தெரிந்தது. முன் சக்கரத்துக்குப் பின்னால், வெள்ளை சாக்ஸ் போட்ட இரண்டு கால். ஹரிணி குந்திக்கொண்டு, காதைப் பொத்திக்கொண்டு, சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் பார்த்தார். போய் சாவியைப் பிடுங்கி எடுத்து வயலில் எறிந்துவிட்டார். அப்புறம் அதைத் தேட அரை மணி ஆயிற்று என்பது வேறு கதை.

நான் படுத்துத் தவழ்ந்து அடியில் போனேன். இழுக்கவில்லை. இழுத்தால் சக்கரத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

"ராக்கெட் கீழ வுழுதா?" என்று கேட்டாள்.

"இல்ல கண்ணு. அது மேல போயிடுச்சு. இது அதோட சத்தம்."

"ஏன் அது கூட போவல?"

"அதுக்கு அவ்ளோ வேகம் வராது. அது பின்னாடிதான் வரும். எப்பவும் அப்டித்தான்."

கொஞ்சம் யோசித்தாள். "லேட்டா கெளம்பி வேன விட்டுடுச்சா?"

"ஆமா."

"அழுவுதா?"

"எனக்குத் தெரியல கண்ணு. வெளிய போய்க் கேப்பமா?"

வந்தாள். முழங்காலில் மண், வேறொன்றும் இல்லை. அதற்குள் சத்தம் அடங்கிவிட்டது. பயிர் மேல் காற்று போகிற சத்தம் மட்டும்.

டிரைவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். "நீ தட்டின ஆயாம்மா," என்றார். "ரெண்டு தபா தட்டின. நான் கேட்டேன். கேக்காம எடுப்பனா?"

"நான் தட்டல நைனா. ரெண்டு கையிலயும் பசங்க இருந்தாங்க."

"தட்டின."

வண்டியில் போகும்போது மெதுவாகக் கேட்டார். "ஸ்கூல்ல சொல்லணுமா? புள்ளைக்கு ஒண்ணும் ஆவலயே. பேஜாரா பூடும் ஆயாம்மா."

"நீயே சொல்லு. நான் பக்கத்துல நிக்கறேன்," என்றேன். எனக்கும் பயம்தான். ஆனால் பிள்ளைகள் எல்லாம் பார்த்திருக்கிறார்கள். சாயந்திரம் ஒவ்வொரு வீட்டிலும் அது பேச்சாகும். நாம் மறைத்துவிட்டோம் என்று அவர்கள் தெரிந்துகொண்டால், நாளைக்குக் கதவோரம் நிற்காதே என்று நான் சொல்வதை எந்தப் பிள்ளை கேட்கும்?

அவரே சொன்னார். ஒன்றும் விடாமல் சொன்னார். ஆயாம்மா தட்டினாங்க என்றும் சொன்னார். ஹெச்.எம். என்னைப் பார்த்தார்கள். "நான் தட்டல மேடம். ஆனா அவரு பொய் சொல்லல," என்றேன். ரெண்டும் எப்படிம்மா நிஜமா இருக்கும் என்று கேட்டார்கள். தகரம் நடுங்கியதைச் சொல்ல வாய் எடுத்தேன். சொல்லாமலே வெளியே வந்துவிட்டேன்.

வழியில் வண்டி நிறுத்தக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஹரிணியின் அப்பா வந்தார். சண்டைக்கு வருகிறார் என்றுதான் நினைத்தோம். அவர் கை கூப்பிவிட்டு, அந்தச் சத்தம் அப்படி வரும்னு எங்களுக்கே தெரியாதுங்க, வீட்டுக்காரி கட்டிலுக்கு அடியில போய்ட்டா என்றார். டிரைவரை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் டிரைவருக்குக் கொஞ்சம் மனசு ஆறியிருக்கும்.

எல்லாரும் மேலே பார்க்கிற நேரத்தில் ஆபத்து என்று நான் நினைத்திருந்தேன். அந்த நேரத்தை நான் சரியாகத்தான் காத்தேன். அது தப்பில்லை. ஆனால் முடிந்துவிட்டது, ஏறு ஏறு என்கிறோமே, அந்த நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மழை விட்டதும், விளையாட்டு விழா முடிந்ததும், ரயில் போய் கேட் திறந்ததும். நமக்குப் பழகிய சத்தம் புதுப் பிள்ளைக்குப் பழகியிருக்காது. யாருக்கு எது தெரியாது என்று வண்டி கிளம்பும் முன்னால் ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள். குனிந்து அடியில் பாருங்கள். முட்டி வலித்தாலும் குனியுங்கள்.

அடுத்த ராக்கெட்டைப் பள்ளிக்கூட மைதானத்திலிருந்து பார்த்தார்கள். மறைந்ததும் மிஸ், "க்ளாஸுக்குப் போலாம்" என்றார்கள். ஹரிணி நகரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, "இன்னும் முடியல மிஸ்," என்றாள். வகுப்பே அவளோடு நின்றது.

அதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று டிரைவரைத் தேடினேன். அவர் அதற்கு முந்தின வாரமே சாவியை ஆபீசில் வைத்துவிட்டுப் போய்விட்டார். யாரும் போகச் சொல்லவில்லை. இப்போது மணவாள நகரிலிருந்து லாரி ஓட்டுகிறாராம். ஒரு முறை புதுவாயலில் பார்த்தேன். நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "பசங்க இருக்கற வண்டி வேணாம் ஆயாம்மா," என்றார். "தட்டாமயே தட்டினாப்ல கேட்டுது எனக்கு. இந்தக் காத நம்பி எப்டி ஓட்றது?" தகரம்தான் நைனா ஆடிச்சு என்றேன். எனக்காகச் சொல்ற என்றார். இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

விவரம் தெரிந்தவர்கள் யாராவது இதைச் சரிபார்க்க வேண்டும். நாய் போனது நான் இரண்டாவது படித்தபோதுதானா, அந்தப் பலூன் எந்த வருஷம், அதைச் செய்தது அமெரிக்காக்காரர்கள்தானா என்பதில் தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள். அதெல்லாம் என் மனசை ஒன்றும் செய்யவில்லை. ஒன்றை மட்டும் சயின்ஸ் மிஸ் யாராவது நன்றாக விசாரித்துச் சொல்லுங்கள். அவ்வளவு தூரத்திலிருந்து வருகிற சத்தத்தில் வேன் தகரம் அதிர்ந்தால், உள்ளே உட்கார்ந்திருக்கிற ஆளுக்குக் கையால் இரண்டு தட்டு தட்டின மாதிரி கேட்குமா? கேட்கும் என்றால் எனக்குச் சொல்ல வேண்டாம், நேராக மணவாள நகருக்குப் போய் அவரிடம் சொல்லுங்கள். நான் சொன்னால் நம்பவில்லை, நீங்கள் சொன்னால் நம்புவார். கேட்காது என்று தெரியவந்தால் அங்கே போக வேண்டாம். முதலில் என்னிடம் வாருங்கள், தகரம்தான் என்று சொன்ன நானே போய் அவரிடம் சொல்கிறேன்.